உடம்பு முடியாத நாளுக்கும் சம்பளம்: இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணத்தை வாங்கிப் பார்த்த பிறகு ஒரு விமர்சனம்

சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு தொகை பிடிக்கிறார்களே, அது எதற்கு என்று எங்கள் தொழிற்சாலை ஷாப்பில் யாரைக் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்கு என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை, ஆஸ்பத்திரிக்கும்தான். ஆனால் அதே பிடித்தத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சலோ காமாலையோ வந்து படுத்து, வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் வெட்டுப்படுகிற நாள்களுக்கு ஒரு பகுதிப் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதை வாங்காமலே பத்து வருடம், பதினைந்து வருடம் பிடித்தம் கொடுத்துக்கொண்டிருக்கிற ஆட்களை எனக்கு நேரிலேயே தெரியும். அதனால் இந்த விமர்சனம் அந்தப் பணத்தைப் பற்றி மட்டும். ஆஸ்பத்திரி எப்படி, மாத்திரை எப்படி என்பதெல்லாம் வேறு கதை, அதை வேறு யாராவது எழுதட்டும்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு நிறுவனத்தில் சி.என்.சி. ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டர் மூலம் இயங்குகிற மெஷினை ஓட்டுகிறவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 2023 கடைசியில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். அப்போது இதை வாங்கினேன், இப்போது 2024 தொடக்கத்தில் எழுதுகிறேன். இங்கே சொல்கிற சட்டம், பிரிவு எண், விகிதம், வரம்பு எல்லாம் அப்போதைய நிலவரம்தான், பிறகு மாறியிருக்கலாம், படிக்கிறபோது ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் இருப்பதால்தான் இ.எஸ்.ஐ. பணத்தின் அருமை தெரியாமல் போகிறது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு நோய் விடுப்பு என்று சம்பளத்தோடு ஒரு நாள்கூடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் கிடையாது. 1948-இல் வந்த அந்தச் சட்டம் தருவது ஈட்டிய விடுப்பு மட்டும்தான், நாம் ஈ.எல். என்று சொல்வது: வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். ஊர்த் திருவிழாவுக்கும், பிள்ளைக்குக் காது குத்துவதற்கும், சாவு வீட்டுக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். அது தீர்ந்தால் எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத விடுப்பு. கடையில், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் நிலை இதைவிடக் கொஞ்சம் மேல். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது, அதில் நோய்க்கென்றே வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு உண்டு, தற்செயல் விடுப்பு 12 நாள் தனி, ஒரு வருடம் முடித்தால் இன்னொரு 12 நாள் விடுமுறையும் தனி. இதைப் படிக்கிற ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மொபைல் கடை ஊழியர்கள் தயவுசெய்து இந்தச் சட்டத்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதலாளி இதைத் தானாக வந்து சொல்ல மாட்டார்.

சரி, எல்.ஓ.பி. என்றால் அந்த ஒரு நாள் சம்பளம் மட்டும் போகும் என்று நினைப்பவர்கள் அந்த மாதச் சீட்டை ஒரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும். முழு வருகைப் படி என்று ஒன்று இருக்கும், மாதம் முழுக்க வந்தால்தான் அது, ஒரு நாள் குறைந்தாலும் மொத்தமாகப் போய்விடும். பல இடங்களில் சனியும் திங்களும் வராவிட்டால் நடுவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வெட்டுவார்கள். சம்பளம் குறைவதால் பி.எஃப். தொகையும் குறையும். ஓவர்டைம் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் சேர்ந்துதான் நூற்றியிரண்டு காய்ச்சலோடு ஒருவர் மெஷின் முன்னால் வந்து நிற்கிறார். சுற்றுகிற சக்கில் (உதிரிபாகத்தைப் பிடித்துச் சுழற்றுகிற பகுதி) கையை வைத்து வேலை செய்கிறவர் தலைசுற்றலோடு நிற்பது எவ்வளவு ஆபத்து என்று மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சோம்பேறித்தனம் தெரியாத நல்ல தொழிலாளி என்று சூப்பர்வைசர் பாராட்டுவதை நான் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இப்போது பணக் கணக்கு. மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் இருந்து 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம், 585 ரூபாய் போடுகிறது. 2019 ஜூலைக்கு முன்னால் இந்த விகிதம் தொழிலாளிக்கு 1.75, நிறுவனத்துக்கு 4.75 என்று இருந்தது, பிறகு குறைத்தார்கள். தினச் சம்பளம் சராசரியாக 176 ரூபாய்க்கு மேல் போகாதவர் தன் பங்கைக் கட்டவே வேண்டாம், ஆனால் பலன் முழுதும் உண்டு. 18,000 சம்பளத்துக்கு ஒரு நாள் சராசரி 600 ரூபாய். நோய்க்காலப் பணம் அதில் 70 சதவீதம், 420 ரூபாய். ஞாயிறு விடுமுறை என்று கழிக்க மாட்டார்கள், சான்றில் இருக்கிற எல்லா நாளுக்கும் உண்டு, முதல் 2 நாளைத் தவிர. 14 நாள் சான்று என்றால் 12 நாளுக்கு 5,040 ரூபாய். அதே 14 நாளுக்குக் கம்பெனியில் வெட்டு 8,400. ஆக 3,360 ரூபாய் கைநட்டம், வருகைப் படி தனி. நட்டம் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 5,040 என்பது எங்கள் பக்கம் ஒரு லைன் வீட்டின் மாத வாடகை. அது வருமா வராதா என்பதில்தான் அந்த மாதம் கந்துவட்டிக்காரரிடம் போகிறோமா இல்லையா என்பது இருக்கிறது. ஆறு மாதத்துக்கு அந்தத் தொழிலாளி கட்டிய தன் பங்கு மொத்தம் 810 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வருடத்தில் அதிகபட்சம் 91 நாளுக்கு இப்படி வாங்கலாம்.

இனி இதை வாங்குகிற வழி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பணத்துக்கு அடிப்படை மருத்துவச் சான்று, அந்தச் சான்றைத் தர வேண்டியவர் நம் அட்டை எந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே இருக்கிற மருத்துவர். அவர் நம்மைப் பார்த்த நாளில் இருந்துதான் சான்று தொடங்கும். நான்கு நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஐந்தாம் நாள் மருந்தகத்துக்குப் போனால் அந்த நான்கு நாள் கணக்கில் வராது. தனியார் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினால் எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மஞ்சள் காமாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் காமாலை என்றாலே முதலில் கீழாநெல்லி, அப்புறம் பச்சிலை கொடுக்கிற ஊருக்கு ஒரு பயணம், பத்தியச் சாப்பாடு. டாக்டரிடம் போவது கடைசி. அந்த நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே சண்டை போட வரவில்லை. ஆனால் பச்சிலை கொடுக்கிறவர் சான்று தர மாட்டார். மூன்று வாரம் படுத்திருந்து, சான்று இல்லாமல், ஒரு ரூபாய்கூட வாங்காமல் வேலைக்குத் திரும்பிய ஆட்கள் எங்கள் ஷிஃப்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு என் அக்கா நல்ல வேளையாக முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்தவள், மில்காரர்களுக்கு இந்த விவரம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். "பத்தியம் எல்லாம் வீட்டில இருந்துக்கலாம் சாமி, முதல்ல மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வா" என்றாள். ரத்தப் பரிசோதனை எழுதினார்கள், பிலிருபின் எக்கச்சக்கம், ஓய்வு எடுக்கச் சொல்லி முதல் சான்று கையில் வந்தது.

அதன்பிறகு பொதுவாக வாரத்துக்கு ஒரு தடவை போய் இடைச் சான்று வாங்க வேண்டும், உடம்பு தேறியதும் வேலைக்குத் தகுதி என்று இறுதிச் சான்று. நீண்ட நாள் நோய் என்று தெரிந்தால் மருத்துவர் கூடுதலான இடைவெளி விட்டும் தரலாம். இந்த வாராவாரம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. நிற்கவே தெம்பில்லாத ஆள் பஸ் ஏறிப் போய், டோக்கன் போட்டு, உட்கார்ந்திருந்து, ஒரு தாளை வாங்கிக்கொண்டு வர வேண்டும். கூட வருகிறவருக்கும் அன்றைக்கு ஒரு நாள் கூலி போகிறது. காமாலை மாதிரி மூன்று வாரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்த நோய்க்குச் சோதனை முடிவை வைத்தே ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அந்த முதல் 2 நாள் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இந்தத் திட்டத்தில் இருக்கிற பெரிய மனக்குறை அதுதான். காத்திருப்பு நாள் என்று அதற்குப் பெயர். நோய் தொடங்கிய முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. 14 நாளில் 2 போனால் பெரிதாகத் தெரியாது. ஆனால் தொழிலாளிக்கு வருகிற நோயில் பெரும்பகுதி மூன்று நாள் காய்ச்சலும், வயிற்றுப்போக்கும், கண் நோயும்தானே. மூன்று நாள் படுத்தால் ஒரே நாளுக்குத்தான் பணம், 420 ரூபாய். அதற்காக யார் அலைவார்கள்? இரண்டு நாள் என்றால் ஒன்றுமே இல்லை. சின்னச் சின்ன நோய்க்கு எல்லாரும் லீவு போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்த விதி என்று புரிகிறது. நடப்பது என்னவென்றால் அந்தச் சின்ன நோயோடு வேலைக்கு வந்து, பக்கத்தில் இருக்கிற நான்கு பேருக்கும் ஒட்டவைத்து, கடைசியில் அது பெரிய நோயாகிப் படுக்கிறோம். ஒரு சலுகை இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே நோய்க்காலப் பணம் வாங்கிய ஆள், அது முடிந்து 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் இந்த 2 நாள் கழிவு கிடையாது, முதல் நாளில் இருந்தே உண்டு. டைஃபாய்டு மாதிரி நோய் சில சமயம் திரும்பத் தள்ளிவிடும், அப்போது இது உதவும்.

அடுத்து, யாருக்குக் கிடைக்கும் என்பது. இது கொஞ்சம் சுற்றி வளைத்த கணக்கு, நானே டைம் ஆபீஸில் (வருகைக் கணக்குப் பார்க்கிற இடம்) இருக்கிற ஒரு தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் புரிந்துகொண்டேன். வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது அதற்கடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை வரும் நோய்க்கு. அந்தந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா, அதாவது இந்த இ.எஸ்.ஐ. பிடித்தம், போயிருக்க வேண்டும். எனக்கு நோய் வந்தது 2023 நவம்பர் என்பதால் பார்த்தது 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை. இதில் இரண்டு விஷயம் நம்மை அடிக்கிறது. ஒன்று, பணத்தைக் கணக்கிடுவதும் அந்தப் பழைய ஆறு மாதச் சம்பளத்தை வைத்துத்தான், ஏப்ரலில் எனக்கு வந்த உயர்வு அதில் ஏறவே இல்லை. ஆகவே 70 சதவீதம் என்று சொன்னாலும் இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் 65-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டாவது இன்னும் மோசம்: முதல் தடவையாக இ.எஸ்.ஐ.யில் சேருகிறவருக்கு முதல் ஒன்பது மாதம் நோய்க்காலப் பணம் இல்லை. சிகிச்சை உண்டு, பணம் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தேனியில் இருந்தும் புதுக்கோட்டையில் இருந்தும் வந்து, ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, முதல் மழைக்காலத்திலேயே படுத்துவிடுகிற இருபது வயசுப் பையன்களுக்குத்தான் இது தேவை, அவர்களுக்குத்தான் இல்லை.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிடித்தம் சீட்டில் இருக்கும், பணம் கட்டியிருக்க மாட்டார்கள். உமங் என்ற அரசுச் செயலியில் உங்கள் ஐ.பி. எண்ணை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) போட்டு எந்த மாதம் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். நோய் வந்த பிறகு பார்க்காதீர்கள், இன்றைக்கே பாருங்கள். வங்கிக் கணக்கு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், பணம் கணக்குக்குத்தான் போகும், கையில் தர மாட்டார்கள்.

நான் பட்ட சிரமம் எல்லாம் என் கம்பெனி அலுவலகத்தில்தான். நான் வேலைக்கு வரவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை என்று நிறுவனம் உறுதி செய்ய வேண்டிய ஒரு படி இதில் இருக்கிறது. அது நியாயம்தான், சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும், வேலை செய்த நாளுக்கும் இந்தப் பணம் இல்லை என்று இ.எஸ்.ஐ. சட்டமே சொல்கிறது, 63-ஆம் பிரிவு. ஆனால் எச்.ஆரில் இருந்தவர் என்னிடம் போனில் சொன்னது வேறு. "எதுக்குங்க இவ்வளவு சிரமம், உங்க ஈ.எல். எல்லாத்தையும் கழிச்சுக்கறேன், மிச்சத்தை எல்.ஓ.பி. போட்டுக்கலாம்" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை, நல்லது செய்கிற மாதிரியேதான் சொன்னார். நான் சரி என்றிருந்தால் தைப்பொங்கலுக்கு வைத்திருந்த ஈ.எல். போயிருக்கும், இ.எஸ்.ஐ. பணமும் போயிருக்கும். "வேண்டாங்க சார், முதல் ரெண்டு நாளுக்கு மட்டும் ஈ.எல். போடுங்க, மத்ததை எல்.ஓ.பி.யாவே காட்டுங்க, நான் இ.எஸ்.ஐ.ல வாங்கிக்கறேன்" என்றேன். கேட்டுக்கொண்டார். ஆனால் நான் வராத நாள்களை உறுதி செய்து அனுப்புவதற்கு எத்தனையோ நாள் இழுத்தடித்தார்கள், திரும்ப வேலைக்கு வந்த பிறகும் டீ இடைவேளையில் அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். அது போன பிறகு பணம் கணக்கில் ஏறியதில் ஒரு தடங்கலும் இல்லை. குறுஞ்செய்தி வந்தது, தொகையும் நான் போட்டு வைத்திருந்த கணக்கோடு ஒத்துப்போனது.

ஒருவேளை உங்களிடம் எச்.ஆர். பேசுகிற விதம் இதைவிடக் கடுமையாக இருந்தால், இவ்வளவு நாள் வராதவரை வைத்துக்கொள்ள முடியாது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி இருந்தால், அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிற காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, அப்படி நீக்கியது செல்லாது. ஆனால் நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு எதற்கும் உதவாது. அதனால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஃபவுண்டரி (இரும்பு உருக்கி வார்க்கிற) பகுதியில் இருக்கிற ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திண்டுக்கல் பக்கத்துக்காரர், முதுகுவலி முதுகுவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தவர். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பில் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்த எங்களுக்கெல்லாம் அதிர்ச்சி. அவருக்கு நோயைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது, ஷாப்பில் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்று. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறேன் என்று ராஜினாமா வரைக்கும் வந்துவிட்டார். யூனியனில் இருந்த ஒரு பெரியவர்தான் பிடித்து உட்காரவைத்தார். காசநோய், புற்றுநோய், தொழுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் என்று 34 நோய்களுக்கு நீட்டித்த நோய்க்காலப் பணம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. முதல் 91 நாள் சாதாரணக் கணக்கில் 70 சதவீதம் வாங்கி முடித்த பிறகு, அதற்கு மேல் சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும். இரண்டு வருடம் தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் 156 நாளாவது கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் இரண்டையும் தாண்டியவர். படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க அந்தப் பணத்தில்தான் வீடு ஓடியது, மூத்த பெண்ணின் படிப்பு நிற்கவில்லை. இப்போது எடை தூக்காத இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், தினமும் பார்க்கிறேன். இந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், நானே இங்கே இவ்வளவு குறை சொல்லியும், இதை இழுத்து மூடிவிட்டுத் தனியார் காப்பீட்டு அட்டை கொடுத்துவிடலாம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது அவரால்தான். தனியார் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், வீட்டு அரிசிக்குக் கட்டாது.

வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு. அதற்கு 90 சதவீதம், எத்தனை நாள் சந்தா கட்டினீர்கள் என்ற கேள்வியே இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விரல் போனாலும் உண்டு. ஆனால் அது வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று நிறுவனம் அறிக்கை கொடுக்க வேண்டும். பவர் பிரஸ் ஓடுகிற பட்டறைகளில் என்ன நடக்கிறது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீட்டில் கிரைண்டரில் மாட்டியது என்று சொல்லிவிடு தம்பி என்பார்கள். அப்படிச் சொன்னால் இப்போதைய 90 சதவீதம் மட்டுமில்லை, பிற்காலத்தில் நிரந்தர ஊனத்துக்கு வரவேண்டிய மாதாந்திரப் பணமும் போய்விடும். சொல்லாதீர்கள்.

இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது எங்கள் கோயம்புத்தூரில்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1944-இல் அதார்கர் என்ற பேராசிரியர் கொடுத்த அறிக்கை, 1948-இல் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம், 1955 ஜனவரி 23-இல் கோவை. மில்களில் நெஞ்சுக்குள் பஞ்சுத் தூசியை வாங்கிக்கொண்டு இருமியபடியே ஷிஃப்ட் பார்த்த தலைமுறைக்கு வந்த திட்டம். அவர்கள் ஊரில் இப்போது பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஓட்டுகிற ஜாப் ஒர்க் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கிறது, அந்த லேத்துக்காரருக்கு இது கிடையாது. உணவு டெலிவரி செய்கிற பையனுக்குக் கிடையாது. அவர்களுக்கு நோய் வந்த நாள் வருமானம் பூஜ்யம்.

இன்னொரு பக்கம் 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பு. 2017 ஜனவரி 1-இல் 15,000-இல் இருந்து உயர்த்தியது, அதற்குப் பிறகு வாடகை, எண்ணெய், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறியும் வரம்பு அங்கேயே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 25,000. சம்பளம் இதைத் தாண்டினால் அந்த ஆறு மாதச் சந்தா காலம் முடியும்வரை தொடரும், அப்புறம் வெளியே. ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 21,000-ஐத் தாண்டிவிட்டார் என்று கணக்குக் காட்டி வெளியே தள்ளினால் கேள்வி கேளுங்கள், சந்தா பிடிக்கும்போதுதான் ஓவர்டைமைச் சேர்ப்பார்கள், வரம்பைப் பார்க்கும்போது சேர்க்கக் கூடாது.

மதிப்பெண் கேட்டால், பணத்தின் அளவுக்கும் நம்பகத்துக்கும் 5-க்கு 4 தருவேன். அலைச்சலுக்கு 2. யாருக்கெல்லாம் எட்டுகிறது என்பதற்கு 2-கூட அதிகம். நீட்டித்த நோய்க்காலப் பணத்துக்கு மட்டும் தனியாக முழு 5, அதில் எனக்கு யோசனையே இல்லை.

வரும் ஏப்ரலில் எனக்குச் சம்பள உயர்வு இருக்கிறது, போட்டுப் பார்த்தால் 21,000-ஐக் கொஞ்சம்தான் தாண்டும். தாண்டினால் பிடித்தம் நின்று மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கையில் கூடும், அதோடு இந்தப் பணத்துக்கான உரிமையும் போகும், தொழிற்சாலை ஆள் என்பதால் சட்டப்படி நோய் விடுப்பும் இல்லை. என்னோடு சேர்த்து இன்னும் சிலர் அதே நிலையில் இருக்கிறார்கள். உயர்வுக் கடிதம் தருகிறபோது, வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம். மனு தயாராக இருக்கிறது, இரண்டு கையெழுத்து பாக்கி.